இரண்டு கரைக்கும் இரண்டு விளக்கு

யுத்தம் முடிந்த மறு வருஷம் எங்கள் உப்புக் கம்பெனிக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. பட்டாளத்தில் தபால் கொண்டு திரிந்த வண்டி. மதுரையில் ஏலத்தில் எடுத்ததாகச் சொன்னார்கள். பச்சைச் சாயத்துக்கு மேல் யாரோ கறுப்பு அடித்திருந்தார்கள். நகத்தால் சுரண்டினால் பச்சை எட்டிப் பார்க்கும். மேலே பறக்கும் விமானத்துக்கு வெளிச்சம் தெரியக் கூடாது என்று முன்விளக்குக்கு ஒரு தகர மூடி போட்டு, அதில் மூன்று கீறல் மட்டும் விட்டிருந்தார்கள். வண்டி என் கைக்கு வந்ததும் முதல் காரியமாக அந்த மூடியைக் கழற்றி எறிந்தேன்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. தோணியில் ஏறுகிற உப்பை நிறுத்து எழுதும் ரைட்டர் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா பனை ஏறுகிறவர். சாயர்புரத்தில் விடுதியில் கிடந்து படித்து, இங்கிலீஷில் ஒரு விண்ணப்பம் எழுதிப் போட்டுக் கிடைத்த உத்தியோகம் இது. முதல் நாளே மானேஜர் ஒரு புத்தி சொன்னார்.

“இந்த ஆட்களை அக்கா, அண்ணாச்சி என்று கூப்பிட்டுத் தொலைக்காதே. ஒரு தடவை கூப்பிட்டாயோ, அப்புறம் வேலை வாங்க முடியாது.”

பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அதனால் யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே நாள் முழுவதும் ஓட்டினேன். “அடுத்த பெட்டி”, “இங்கே கொட்டு”, “போதும்”. பொழுது சாய்ந்த பிறகு பார்த்தால் அன்றைக்கு நான் பேசியது இந்த மூன்றும்தான்.

உப்பு ஏற்றுகிற ஓடைக்கரை டவுன் பக்கம். நான் தங்கியிருந்த அறை உப்பளத்தின் தென்கோடியில். நடுவே மூன்று மைலுக்கு ஒரே ஒரு வரப்பு. அகலம் மூன்று முழம் இருந்தால் அதிகம். இரண்டு பக்கமும் பாத்தி. இரண்டாவது மைலில் வேலையாட்களின் குடியிருப்புக்கு ஒரு கிளை பிரியும். அதற்கு அப்பால் என் அறை வரை ஒரு குருவி கூட இருக்காது.

டவுனில் ஒரு வாசகசாலை இருந்தது. ராத்திரி எட்டு மணி வரை திறந்திருக்கும். என்னைப் போல நாலு எழுத்துப் படித்த இளைஞர்கள் அங்கே கூடுவார்கள், சுதந்திரம் எப்போது வரும் என்பதைப் பற்றிப் பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். போய் உட்கார்ந்தால் எனக்கும் பேச ஒரு ஆள் கிடைக்கும். அந்த நாட்களில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஆனால் எட்டு மணிக்குத் திரும்ப வேண்டுமானால் அந்த வரப்பில் இருட்டில் வர வேண்டும்.

முன்விளக்கு இருக்கிறதே என்று ஒரு நாள் வேலை முடிந்து இருட்டியதும் துணிந்து ஓட்டினேன். விளக்கு நேரே தூரத்தில் எதையோ காட்டிக்கொண்டு போனது. வரப்பும் வெள்ளை, பாத்தியில் விளைந்திருந்த உப்பும் வெள்ளை. எது கரை, எது பாத்தி என்று தெரிவதற்குள் வண்டியோடு நான் உப்புத் தண்ணீரில் கிடந்தேன். கண்ணைத் திறக்க முடியவில்லை. பின்னால் நடந்து வந்துகொண்டிருந்த ஆட்கள் ஓடி வந்து தூக்கினார்கள். உப்புச் சுமக்கும் பெண்களில் மூத்தவள் ஒருத்தி. அவள் வாய்க்கு அளத்தில் எல்லோருக்கும் பயம். அவள்தான் சொன்னாள்:

“கருவாட்டுக்கு மீன் வரத்து இல்லன்னு ரைட்டரையாவே குதிச்சிட்டாவ போல!”

இருட்டில் அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாளிலிருந்து பொழுது சாய்ந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர்களோடு நடக்கலானேன். மோட்டார் சைக்கிளை வைத்துக்கொண்டு தள்ளுகிறவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொள்வேன். முதலில் நான் பக்கத்தில் வந்ததும் பேச்சை நிறுத்துவார்கள். இருட்டு கூடக் கூட, நான் இருப்பது அவர்களுக்கு மறந்து போகும்.

“ஏளா, ஒன் மாப்பிள நேத்து கொழம்புல உப்பு இல்லன்னு தட்டத் தூக்கி எறிஞ்சானாமே?”

“எறியாம? பகல் பூரா உப்பு செமந்தேனா, கொழம்புல போடணும்னு நெனப்பே வரல.”

“அவன இங்கன கூட்டிட்டு வா. ஒரு பாத்திய நக்கச் சொல்லுவோம்.”

இப்படியே இரண்டு மைல். கிளை பிரிகிற இடத்தில் “வாறோம் ஐயா” என்று ஒரு குரல் வரும். பிறகு நானும் சக்கரத்தின் சத்தமும். எந்நேரமும் வாசகசாலையையே நினைத்துக்கொண்டிருந்ததால், அந்த இரண்டு மைலை நான் ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடை உண்டு. பக்கத்துச் சரக்குக் கிட்டங்கியில் சங்குக் குவியல் கிடந்து நாறும். கடைக்காரர் காயல்பட்டினத்துக்காரர்; அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அவர் கடையில் பட்டாளத்து லாரியிலிருந்து கழற்றிய சின்ன விளக்குகள் இரண்டு தொங்கியதைப் பார்த்ததும் எனக்கு யோசனை வந்தது. முன்சக்கரத்துக்கு இருபுறமும் தாழ்வாக ஒவ்வொன்றை மாட்டி, ஒன்று இடது கரையையும் மற்றது வலது கரையையும் பார்க்கும்படி திருப்பி வைத்தால் என்ன?

“காக்கா, இது எரியுமா?”

“நல்லாக் கேட்டீரு. லாரிக்கு ஒடம்புதான் போச்சு, கண்ணு ரெண்டும் சுகமா இருக்கு.” ஒரு பாட்டரியில் தொட்டுக் காட்டினார். இரண்டும் எரிந்தன. “ஆறு வோல்ட்டு. ஒம்ம வண்டியும் ஆறுதான? பன்னெண்டுல கொண்டு போய் மாட்டிராதீரும், பட்டுன்னு போயிரும். மாட்ட ஆள் இருக்கா?”

“நானே மாட்டிக்கிடுவேன். புஸ்தகம் இருக்கு.”

“புஸ்தகமா?” என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். “சரி வாப்பா. புஸ்தகம் இருந்தா பெறவு என்ன.”

வண்டியோடு வந்த இங்கிலீஷ் புஸ்தகம் அது. எண்ணெய் பட்டுப் பாதிப் பக்கம் ஒட்டிப் போயிருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் படித்தேன். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரே கம்பி போதும் என்று அதில் போட்டிருந்தது. பாட்டரியிலிருந்து ஸ்விட்ச் வழியாக விளக்குக்குப் போகிற மின்சாரம் திரும்பி வருவதற்குத் தனிக் கம்பி வேண்டியதில்லை. வண்டியின் இரும்பு உடம்பு வழியாகவே பாட்டரிக்கு வந்துவிடும். இது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்ததால் அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன்.

பட்டை இரும்பை வளைத்து இரண்டு தாங்கிகள் செய்தேன். சனிக்கிழமை மத்தியானம் அவற்றை அறை வாசலில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த மூத்தவள் தார் டின் எடுக்க வந்தாள். தாரும் சுறா எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய டின் அது. அளத்தில் இரும்பு என்று எது இருந்தாலும், கீல், ஆணி, தள்ளுவண்டியின் அச்சு எதுவானாலும், அதில் ஒரு பூச்சுப் பூசாமல் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். பிள்ளைக்குத் தலைக்கு எண்ணெய் வைப்பதைப் போல யோசிக்காமல் செய்கிற காரியம்.

“என்ன ஐயா, வெறும் இரும்பவா மாட்டப் போறிய? நாலு நாள்ல உப்பு தின்னுட்டுத் துப்பிரும்” என்று டின்னை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

பூசினேன். தாங்கியின் உள்ளும் புறமும், துளைக்குள்ளும், திருகாணியின் புரிகளிலும் கூட. வண்டியில் தாங்கி உட்காருகிற இடத்தில் கறுப்புச் சாயம் இருந்தாலும் அங்கேயும் ஒரு கை பூசினேன். வேலையில் குறை வைக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு பிடிவாதம்.

ஞாயிற்றுக்கிழமை. அளத்தில் யாரும் இல்லை. புஸ்தகம் சொன்னபடி முதலில் பாட்டரிக் கம்பியைக் கழற்றி வைத்தேன். தாங்கிகளை முடுக்கி, விளக்குகளை உட்கார வைத்து, கம்பிகளை இழுத்து, கைப்பிடியில் ஸ்விட்ச்சை மாட்டி, மூட்டுகளுக்கெல்லாம் கறுப்பு நாடா சுற்றினேன். பாட்டரியைத் திரும்ப இணைத்து ஸ்விட்ச்சைத் தட்டினேன்.

எரியவில்லை.

கைப்பிடியை இடப்பக்கம் ஒடித்துப் பார்த்தேன். ஒரு கம்பி எட்டாமல் பிடுங்கிக்கொண்டு வந்தது. ஓகோ, இதுதான் சங்கதி என்று நீளமாக விட்டு மறுபடி கட்டினேன். எரியவில்லை. பல்புகளைக் கழற்றிப் பாட்டரியில் நேரே தொட்டேன். இரண்டும் நன்றாக எரிந்தன. ஸ்விட்ச்சைப் பிரித்துத் துடைத்தேன். கம்பிகளை மாற்றினேன். முன்விளக்கு மாத்திரம் என்னைப் பரிகாசம் செய்வதுபோல் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. மத்தியானச் சோறு அப்படியே இருந்தது. வெயில் தாழ்ந்து, உப்புக் குவியல்களின் நிழல் வரப்பைத் தாண்டி அடுத்த பாத்தியில் விழுந்தது.

“உனக்கு என்னதான் வேணும்?” என்று கேட்டேன்.

அந்தச் சத்தத்தில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. காலையிலிருந்து அதுதான் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. அதுவும் ஒரு மோட்டார் சைக்கிளிடம்.

இனி எல்லாவற்றையும் கழற்றிவிடலாம் என்று, ஸ்விட்ச்சைக் கூட அணைக்காமல், இடது விளக்கின் திருகாணியில் ஸ்பானரைப் போட்டேன். ஸ்பானரின் வால் முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் காலில், முன்பு நான் விழுந்தபோது சாயம் உரிந்த இடத்தில், போய் இடித்தது. விளக்கு எரிந்தது. ஸ்பானரை எடுத்தேன், அணைந்துவிட்டது. மறுபடி இடித்தேன், எரிந்தது.

புஸ்தகத்தைத் திறந்தேன். நானே கோடு போட்ட வரி. இரும்பு உடம்பு வழியாகத்தான் மின்சாரம் திரும்ப வேண்டும். விளக்குக்கும் உடம்புக்கும் நடுவில் நான் ஒரு கை தார் பூசி, அதற்கு மேல் இன்னொரு கையும் பூசியிருக்கிறேன். விளக்கு வண்டியில்தான் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் வண்டியை எந்த இடத்திலும் தொடவே இல்லை.

கத்தியாலும் செங்கல் துண்டாலும் சுரண்டினேன். தாங்கி உட்காருகிற இடங்களில் நாலணாக் காசு அகலத்துக்கு இரும்பு பளபளத்தது. திருகாணிகளை மண்ணெண்ணெயில் கழுவி முடுக்கினேன். பிறகு ஸ்விட்ச். இரண்டும் எரிந்தன. இடது விளக்கின் வெளிச்சம் இடது கரையை ஒட்டியும், வலது விளக்கின் வெளிச்சம் வலது கரையை ஒட்டியும், நான் நினைத்தது போலவே விழுந்தன.

“எரியுதுல்லா!” என்று கத்திக்கொண்டு திரும்பினேன். காட்டுவதற்கு யாரும் இல்லை. தூரத்தில் கடலுக்கு நடுவே முயல்தீவு வெளிச்சவீட்டின் விளக்கு மட்டும் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. மூட்டுகளின் மேல் வெளிப்புறமாகத் தார் பூசி வேலையை முடித்துக்கொண்டு, ஆறிப்போன சோற்றைத் தின்றேன்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வாசகசாலைக்குப் போனேன். சுவரில் ‘சத்தமில்லாமல் வாசிக்கவும்’ என்று எழுதியிருந்தது. எல்லோரும் அதன்படியே நடந்தார்கள். பேசுகிறவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்று பேசினார்கள்; அவர்களெல்லாம் ஒருவரையொருவர் முன்பே அறிந்தவர்கள். மூன்றாம் நாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு குமாஸ்தா மெல்லக் கேட்டார்.

“தம்பிக்கு எந்தப் பக்கம்?”

“சாயர்புரத்துப் பக்கம்.”

“தகப்பனார் என்ன பண்றார்?”

“பனைத் தொழில்.”

“ஓகோ” என்றார். பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். எட்டு மணி வரை என் கையிலிருந்த பத்திரிகையின் ஒரே பக்கத்தை நானும் படித்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

திரும்பும்போது விளக்குகள் அருமையாக வேலை செய்தன. இரண்டு கரையும் உள்ளங்கை ரேகை போலத் தெரிந்தன. ஒரு நண்டு ஓடுவது கூடத் தெரிந்தது. மூன்று மைலில் ஒரு மனிதன் இல்லை. எல்லோரும் எப்போதோ வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

வியாழக்கிழமை வாசகசாலைக்கு விடுமுறை. இருட்டிய சமயத்தில் ஓடைக்கரையிலிருந்து விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கொஞ்ச தூரத்தில் அவர்கள் கூட்டமாக முன்னே போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. யாரோ எதையோ சொல்ல, ஒருத்தி கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். அதற்குள் என் வெளிச்சம் அவர்கள் முதுகில் போய் விழுந்தது. சிரிப்பு அறுந்தது. திரும்பிப் பார்த்து, கண் கூசி, முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக வரப்பிலிருந்து பாத்திக்குள் இறங்கினார்கள். நாள் முழுக்க உப்பில் வெந்த கால்கள். அந்தக் கால்களோடு உப்புத் தண்ணீருக்குள் நின்று எனக்கு வழி விட்டார்கள். நான் வண்டியை நிறுத்தவில்லை.

கடந்து போன பின்பு, இஞ்சின் சத்தத்துக்கு மேலாகச் சிரிப்பு மறுபடி கேட்கிறதா என்று காதைக் கொடுத்தேன். கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வாசகசாலைக்குப் போகவில்லை. வரப்பு ஆரம்பிக்கிற இடத்தில் இஞ்சினை நிறுத்தினேன். விளக்கையும் அணைத்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு வேகமாக நடந்து அவர்களை எட்டினேன்.

“யாரு, ரைட்டரையாவா? வெளக்கு என்னாச்சு?” என்றாள் மூத்தவள்.

“போச்சு” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“ரெண்டுமா?”

“ரெண்டும்.”

இனி ஒரு கேலி வரும், எல்லோரும் சிரிப்பார்கள், நடந்து போகலாம் என்று நினைத்தேன். வரவில்லை. மூத்தவள் என் பக்கத்தில் வந்து நடந்தாள். பிறகு அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“நான் தந்த தாரு எதும் கேடு பண்ணிருச்சா ஐயா? அன்னைக்கு நான்தான டின்ன வச்சிட்டுப் போனேன். கம்பெனில கேட்டா என் பேரச் சொல்லிருவியளோ?”

நான் தனியாக நடக்காமலிருக்கச் சொன்ன பொய் இப்படி அவள் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் போய் நிற்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“இல்ல அக்கா” என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. “வெளக்குக்கு ஒண்ணும் ஆகல.” ஸ்விட்ச்சைத் தட்டினேன். இரண்டு கரையிலும் வெளிச்சம் விழுந்தது.

எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

“பெறவு எதுக்கு அணச்சிய?”

“சும்மாதான். நடந்து வரலாம்னு.”

அவள் விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ஏலே, கேட்டியளா? மோட்டார வச்சிக்கிட்டு நடந்து வாராவளாம்! படிச்சா மண்டைக்குள்ள என்னமோ ஆயிருது போல.” பின்னால் ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். “அணைக்காதிய ஐயா. முன்னால தள்ளிட்டுப் போங்க. எங்களுக்கும் ஒரு நாளாவது வழி தெரியட்டும்.”

நான் முன்னால் தள்ளினேன். அவர்கள் பின்னால் வந்தார்கள். உப்பில்லாத குழம்பின் பாக்கிக் கதையும், யாரோ ஒருவனின் மாமியார் கதையும் என் முதுகுக்குப் பின்னால் நடந்தன. நடுவே ஒரு தடவை, “ஐயா, நீங்க சொல்லுங்க, இது நாயமா?” என்று என்னிடமே கேட்டார்கள். நாயமில்லை என்றேன். எனக்கு வாக்குப் போடும் உரிமை கிடைத்தது மாதிரி இருந்தது.

இஞ்சின் ஓடாமல் விளக்கு எரிந்தால் பாட்டரிதான் தீரும். புஸ்தகத்தில் அதுவும் போட்டிருந்தது. கிளை பிரிகிற இடத்துக்கு வந்தபோது விளக்குகள் பீடி நுனி போலச் சிவந்திருந்தன.

“வாறோம். அறைக்குப் போனதும் ஆரன் அடிங்க. அங்கன கேக்கும். போய்ச் சேந்துட்டியன்னு தெரிஞ்சிக்கிடுதோம்” என்றாள்.

கடைசி மைல் எப்போதும் போலத்தான். அவர்கள் பேச்சு கொஞ்ச தூரம் பக்கவாட்டில் கேட்டது. பிறகு காற்று மட்டும். வழியிலேயே விளக்குகள் அணைந்துவிட்டன. கால் தடவி நடந்து அறை வாசலுக்கு வந்ததும் ஹாரனை அழுத்தினேன். தொண்டை கட்டியவன் கனைப்பது போல ஒரு கரகரப்பு வந்து நின்றது. மறுபடி அழுத்தினேன். அதுவும் இல்லை.

இஞ்சினை உதைத்துக் கிளப்பினேன். சற்று நேரம் உறும விட்டதும் விளக்குகளில் கொஞ்சங் கொஞ்சமாக உயிர் வந்தது. ஹாரன் அப்போதும் கரகரத்தது மட்டும்தான். வண்டியைக் குடியிருப்புப் பக்கம் திருப்பி வைத்து, ஹாரனுக்குப் பதிலாக மூன்று விளக்கையும் போட்டு அணைத்தேன். மறுபடி போட்டு அணைத்தேன். அந்தப் பக்கமிருந்து ஒன்றும் வரவில்லை. வரவும் முடியாது, மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு, பதிலுக்குக் காட்ட அவர்களிடம் விளக்கு ஏது? அவர்கள் வாசலில் நின்று பார்த்தார்களா, கதவைச் சாத்திப் படுத்துவிட்டார்களா என்று எனக்குத் தெரியாது.

மூன்றாவது தடவை போட்டபோது அணைக்கவில்லை. இஞ்சினை ஓடவிட்டு, அந்தப் பக்கம் பார்த்தபடி வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.